குடியேற்ற விசாவுக்கு ஒத்திகை எதற்கு?

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறும் பொருட்டு விசா கோரி மும்பையிலுள்ள துணைத் தூதரகத்துக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களிடையே, அந்த நேர்காணல் ஏறக்குறைய ஒரு நாடக அரங்கேற்றம் என்றும், அங்கே கேட்கப்படும் வினாக்களை முன்கூட்டியே சேகரித்து விடைகளை நெட்டுருப் போட்டுக்கொண்டு செல்பவர்களே தேறுவார்கள் என்றும், அதற்கு மேல் எஞ்சியிருப்பது கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அதிகாரியின் அன்றைய மனநிலையும் விண்ணப்பதாரரின் ஜாதக பலனுமே என்றும் ஓர் அபிப்பிராயம் பலமாக வேரூன்றியிருக்கிறது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றி எல்லோரும் இதை நம்புகிறார்கள். நம்புவதோடு நில்லாமல், புறப்படவிருக்கும் முதியவர்களுக்கும் புதுமணப் பெண்களுக்கும் இதையே உபதேசமும் செய்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தைத்தான் இங்கே மறுக்க முற்படுகிறேன். வெறும் அறியாமையாக இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னாலே கிடைத்துவிடக் கூடிய ஓர் உரிமையிலிருந்து மனிதர்களை ஆயுள் முழுவதும் விலக்கி வைக்கத் தக்க பொய்களின் பக்கம் அது அவர்களைத் தள்ளிவிடுகிறது. ஆகையால்தான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பிழையின் மூலத்தை ஆராய்ந்தால், நம்மவர்களுக்கு முதலில் பரிச்சயமானவை சுற்றுலா விசாவும் மாணவர் விசாவுமே என்பது விளங்கும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, தற்காலிகமாக வர விரும்புகிறவர்களில் மிகப் பெரும்பாலோரை, அவர்கள் வேறு விதமாக மெய்ப்பிக்கும் வரையில், குடியேறும் நோக்கம் கொண்டவர்களாகவே கருத வேண்டும் என்று விதிக்கிறது. எனவே அத்தகைய விசா கேட்பவர், தாம் திரும்பி வரப்போவது நிச்சயம் என்று அதிகாரிக்கு நம்பிக்கை உண்டாகும்படி சில நிமிஷங்களுக்குள் எடுத்துச் சொல்லியாக வேண்டும். ஊரிலுள்ள வீடு, நிலம், உத்தியோகம், பேரன் பேத்திகள் எல்லாம் அங்கே பேச்சில் வந்தாக வேண்டும். அந்தச் சுருங்கிய சந்திப்பில் சொல்வன்மைக்கு ஓரளவு இடமிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடியேற்ற விசாவுக்கு 214(பி) பிரிவு பொருந்தவே பொருந்தாது. குடியேறுவதற்கென்றே கேட்கப்படும் விசாவில் குடியேறும் நோக்கம் எப்படிக் குற்றமாகும்? இருந்தும், பத்து வருஷங்களுக்கு முன் சுற்றுலா விசா வாங்கிய பெரியப்பாவும், மாணவர் விசா வாங்கிய பக்கத்து வீட்டுப் பையனும் தங்கள் அனுபவத்தை இதற்கும் பிரமாணமாகக் காட்டுகிறார்கள். கேட்பவர்களும் இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணிவிடுகிறார்கள்.

இதன் விளைவை நான் கண்ணாரக் கண்டேன். அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட மகனிடம் போய் வாழவிருந்த, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், சென்னையில் ஓர் ஆலோசனை நிலையத்தார் பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுக் கொடுத்த தாள்களை என்னிடம் காட்டினார். ஓரங்கள் அழுக்கேறி மடங்கிப்போகும் அளவுக்கு அவற்றைப் படித்திருந்தார். ஆங்கிலக் கேள்விகளும் ஆங்கில விடைகளும் தமிழ் எழுத்திலேயே அச்சாகியிருந்தன. "ஒய் டு யூ வான்ட் டு கோ?" என்ற கேள்விக்கு நேரே, "டு சீ மை சன் அண்ட் ரிட்டர்ன் டு இந்தியா" என்ற விடை தடித்த எழுத்தில் இருந்தது. "இதற்கு என்ன அர்த்தம் அம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது தம்பி, இப்படிச் சொன்னால்தான் விடுவாங்களாம்" என்றார்.

அவருடைய நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருபத்தொரு வயது நிரம்பிய அமெரிக்கப் பிரஜையின் தாய்க்கு வருஷாந்தர எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது. குடும்ப வழியில் வருகிறவர்களுள் சட்டம் முன்னிலையில் வைத்திருப்பவர்களில் அவரும் ஒருவர். மகனோடு நிரந்தரமாக வாழும் உரிமையைக் கோரி மனுப் போட்டுவிட்டு, அதற்கென்று கட்டணமும் செலுத்திவிட்டு, வலக்கையை உயர்த்திச் சத்தியப் பிரமாணமும் செய்துவிட்டு, 'பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்' என்று சொல்லும்படி, அதுவும் அர்த்தம் தெரியாத ஒரு பாஷையில் சொல்லும்படி, அவரைப் பழக்கியிருந்தார்கள். தான் கேட்கும் உரிமையைத் தானே மறுத்துப் பேசும் விடை அது. "பிள்ளையோடு இருக்கப் போறேன்" என்று தமிழில் சொல்ல அவருக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்பட்டிருக்காது. குடியேற்ற விசா பெறுவதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சட்டத்தில் இல்லை.

அப்படியானால் அந்த நேர்காணல் எதற்காக நடக்கிறது? குடும்ப வழி விண்ணப்பம் ஒன்று நடந்துவரும் பாதையைப் பின்தொடர்ந்தால் அது தானே தெளிவாகும். அமெரிக்காவிலுள்ள மகனோ, மகளோ, கணவனோ, சகோதரனோ முதலில் ஐ-130 என்ற மனுவை அந்நாட்டுக் குடியேற்ற சேவைத் துறையிடம் கொடுக்கிறார். அது அங்கீகாரம் பெற்றபின், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துப் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகிறது. அங்கே டி.எஸ்.-260 என்ற நீண்ட விண்ணப்பமும், பிறப்பு, விவாகம் முதலியவற்றுக்கான சான்றுகளும், இங்குள்ள பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் சான்றிதழும், வருகிறவரைத் தாம் ஆதரிப்பதாக மனுதாரர் கையொப்பமிடும் ஐ-864 பத்திரமும் சேர்கின்றன. அந்தப் பத்திரத்தில் கையொப்பமிடுபவரின் வருமானம், பொதுவாக, குடும்பத்தின் அளவுக்கேற்ப அரசாங்கம் வகுத்திருக்கும் வறுமை வரம்பில் 125 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் வேறொருவர் கூட்டாகப் பொறுப்பேற்கலாம். இவை எல்லாம் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் நேர்காணலுக்கு நாள் குறிக்கப்படுகிறது. அந்த நாளுக்கு முன்பாகத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனையும் முடிந்துவிட வேண்டும்.

ஆகவே பாந்திரா–குர்லா வளாகத்திலுள்ள அந்தத் துணைத் தூதரகத்தின் ஜன்னலுக்கு முன் விண்ணப்பதாரர் போய் நிற்கும் வேளையில், அவரைப் பற்றிய விவரங்கள் ஒரு கோப்பாக அதிகாரியின் முன் ஏற்கெனவே திரண்டிருக்கின்றன. அதிகாரி பிரமாணம் செய்விக்கிறார். விண்ணப்பத்தில் கண்டவை யாவும் உண்மை என்று அந்தப் பிரமாணத்தின் கீழ் விண்ணப்பதாரர் உறுதி கூறுகிறார். பிறகு கேட்கப்படும் சில கேள்விகளின் நோக்கம், கோப்பில் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒருவரேதானா, சொல்லப்பட்ட உறவு மெய்யானதா, சட்டத்தின் 212(ஏ) பிரிவு விலக்கி வைக்கும் காரணம் ஏதேனும் அவரிடம் உண்டா என்று நிச்சயித்துக்கொள்வதே. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவரின் நிலைமைக்கு இது மிகவும் நெருங்கியது. சாட்சி சொல்பவன் அழகாகப் பேச வேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்ப்பதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், முன்பு எழுத்தில் கொடுத்ததற்கு முரணில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த முறை இன்று நேற்று ஏற்பட்டதன்று. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் 1892இல் திறக்கப்பட்டது. அங்கே கப்பல்களில் வந்திறங்கிய ஐரோப்பிய ஏழைகளிடம் கேட்கப்பட்ட வினாக்கள் 29 என்று சொல்வார்கள். அந்த வினாக்களுக்கு விடைகள் ஏற்கெனவே புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. பரிசோதகர் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கரையில் நடந்துவந்த அந்தப் பரிசோதனையின் பெரும் பகுதி, 1924ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பயணி புறப்படும் நாட்டிலுள்ள துணைத் தூதரகங்களுக்கு இடம் மாறிற்று. எழுத்தில் உள்ளதை வாய்ச்சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற சாரம் மட்டும் அன்று போலவே இன்றும் இருக்கிறது.

மனப்பாடத்தில் நம்பிக்கை வைக்கிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு, எல்லிஸ் தீவில் இல்லை; அமெரிக்காவின் மற்றொரு கரையில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்துவிட்டது. வியாபாரிகள், அமெரிக்கப் பிரஜைகளின் பிள்ளைகள் போன்ற சிலருக்கே வழி இருந்தது. 1906இல் நிகழ்ந்த பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் பிறப்புப் பதிவேடுகளைச் சாம்பலாக்கிவிடவே, அங்கிருந்த சீனர்கள் பலர் தாங்கள் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள் என்று உரிமை கோரினார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பிள்ளை பிறந்திருப்பதாகப் பதிவு செய்து, அந்தப் பெயரில் உறவினர் பிள்ளைகளையும், சில சமயம் பணம் கொடுத்த அந்நியரின் பிள்ளைகளையும் வரவழைத்தார்கள். காகிதத்தில் மட்டுமே மகன்களாக இருந்த அந்த இளைஞர்களுக்கு, குடும்பத்தின் விவரமெல்லாம் எழுதிய பயிற்சிப் புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. கப்பலில் வரும் வழியெல்லாம் அவற்றைப் படித்து, கரை சேரும் முன்பு கடலில் எறிந்துவிடுவது வழக்கமாயிற்று.

விளைவு என்ன? பரிசோதகர்கள் கேள்விகளை மேலும் மேலும் நுணுக்கமாக்கினார்கள். வீட்டு வாசலுக்கு எத்தனை படிகள், அரிசி எந்த மூலையில் வைக்கப்பட்டிருக்கும், அடுத்த வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருந்தார் என்றெல்லாம் மகனிடம் கேட்டு, அவற்றையே தகப்பனிடமும் தனியாகக் கேட்டு, இருவர் விடைகளும் பொருந்தாத இடத்தைக் காரணமாகக் காட்டி அனுமதி மறுத்தார்கள். 1910 முதல் 1940 வரை இயங்கிய அந்த நிலையத்தில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மனிதர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். இதில் என் நெஞ்சை மிகவும் வருத்துவது, பொய் மகன்களுக்கு நேர்ந்ததைக் காட்டிலும் மெய்யான மகன்களுக்கு நேர்ந்ததே. சொந்தத் தகப்பனைத் தேடி வந்த சிறுவனும், சொந்த வீட்டுப் படிகளை எண்ணிப் பார்த்திராத குற்றத்துக்காக ஐயத்துக்கு உள்ளானான். அவனும் புத்தகம் படிக்க வேண்டியதாயிற்று. இனத்தை முன்னிட்டு மனிதரை விலக்கிய அந்த அநியாயச் சட்டம், 1943இல் நீக்கப்படும் வரையில், அவர்களுக்கு நேரான வாசல் எதையும் வைத்திருக்கவில்லை. ஆகையால் அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம்முடைய நிலைமை வேறு. இந்தியர்களுக்கு 1946இல் வருஷத்துக்கு 100 பேர் என்ற அளவில் மட்டுமே திறந்த கதவு, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் அகலத் திறந்தது. நேர் வாசல் இருக்கும்போது பயிற்சிப் புத்தகத்தைக் கையில் எடுப்பவர், தமக்கு மட்டுமல்லாமல் தமக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மெய்யான மனைவிக்கும் மெய்யான மகனுக்கும் கேள்விகளைக் கடுமையாக்கிவிட்டுப் போகிறார்.

ஒத்திகை நடத்துகிறவர்கள் தாங்கள் பொய் சொல்லித் தருவதில்லை என்றும், உண்மையையே 'நயமாக' எடுத்துச் சொல்லப் பழக்குவதாகவும் வாதிப்பார்கள். இந்த நயம் எங்கே போய் முடிகிறது என்பதை அனுபவம் காட்டுகிறது. நம் முதியவர்களில் பலர், பிள்ளைகளைப் பார்க்க ஒரு தடவை சுற்றுலா விசா கேட்டு மறுக்கப்பட்டவர்கள். டி.எஸ்.-260 விண்ணப்பத்திலோ, எப்போதாவது விசா மறுக்கப்பட்டதுண்டா என்று நேராகவே கேட்கப்படுகிறது. முன்பு 214(பி) பிரிவின் கீழ் மறுக்கப்பட்டது குடியேற்ற விசாவுக்கு எந்த விதத்திலும் தடையாகாது. அதை மறைத்து 'இல்லை' என்று எழுதுவது தடைக்கு வழி வகுக்கும். மறுத்தவர்களே வைத்திருக்கும் பதிவேட்டுக்கு எதிராக நாம் சாட்சி சொன்னவர்கள் ஆவோம். அதே விண்ணப்பத்தில், இதை நிரப்ப வேறு யாரேனும் உதவினார்களா என்ற கேள்வியும் உண்டு. அதற்கு 'இல்லை' என்று நிரப்புவது பெரும்பாலும் உதவி செய்த அந்த ஏஜெண்டின் கைதான். பணம் கொடுத்து வாங்கிய முதல் பொய், விண்ணப்பதாரர் அறியாமலேயே அவர் பெயரில் அங்கே குடியேறிவிடுகிறது.

முக்கியமான ஒரு சங்கதியை வேண்டுமென்றே திரித்துக் கூறி விசா பெற முயன்றதாகத் தீர்மானமானால், 212(ஏ)(6)(சி) பிரிவின் கீழ் ஏற்படும் விலக்குக்குக் கால வரம்பு கிடையாது. அது ஆயுட்காலத் தடை. பிரஜையாகவோ நிரந்தர வாசியாகவோ உள்ள கணவன், மனைவி, தாய், தகப்பன் ஆகியோரில் ஒருவர் கடுந்துன்பத்துக்கு ஆளாவார் என்று மெய்ப்பித்தால் விலக்களிப்புக் கோரலாம். மகனோடு வாழப்போகும் விதவைத் தாய்க்கு அப்படிப்பட்ட உறவினர் யார் இருக்கிறார்? அந்தப் பட்டியலில் மகன் இல்லை. தயங்கிச் சொன்ன உண்மைக்கும், தட்டுத் தடுமாறிச் சொன்ன உண்மைக்கும், மறந்துபோய் "ஞாபகமில்லை" என்று சொன்னதற்கும் இத்தகைய தண்டனை எதுவும் சட்டத்தில் இல்லை. மனப்பாடம் பண்ணிச் சரளமாகச் சொன்ன பொய்க்கு மட்டுமே அது இருக்கிறது.

விவாகம் சம்பந்தமான விண்ணப்பங்களில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு விடுமுறை குறைவு. மனு சீக்கிரம் போக வேண்டும். ஆகையால் ஆவணியில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டுவிட்டு, தை மாதத்தில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே பல. "உங்களுக்குக் கல்யாணம் எப்போது ஆயிற்று?" என்று அதிகாரி கேட்டால், அந்தப் பெண்ணுக்கு மனத்தில் தோன்றுவது தை மாதம், மனுவில் இருப்பது ஆவணி மாதம். இரண்டையும் இருந்தபடியே சொல்லி, எங்கள் வழக்கம் இது என்று விளக்கினால் விஷயம் முடிந்துவிடும். பயிற்றுவிப்பவர்களோ இரண்டில் ஒன்றை விழுங்கிவிடச் சொல்கிறார்கள். புகைப்படத்திலுள்ள மாலையும் சான்றிதழிலுள்ள தேதியும் அப்போது ஒன்றையொன்று காட்டிக் கொடுக்கின்றன. அக்கினியும் புரோகிதரும் இல்லாத சுயமரியாதைத் திருமணப் படங்களைக் கண்டு அதிகாரி ஐயுறுவாரோ என்று அஞ்சியவர்களையும் நான் அறிவேன். 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்து விவாகச் சட்டத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு அந்தத் திருமணங்களுக்குப் பூரண சட்ட மதிப்பை அளித்திருக்கிறது. மறைக்க அதில் எதுவும் இல்லை.

இதைவிடக் கொடியது மற்றொன்று உண்டு. நிரந்தர வாசியாக உள்ள பெற்றோர் மனுப்போட்ட, விவாகமாகாத மகளுக்கு, காத்திருப்பு நீண்டுகொண்டே போகிறது என்று ஊரில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, 'பதிவு செய்யவில்லை, ஆகையால் விவாகமாகவில்லை என்றே சொல்' என்று யோசனை கூறுகிறார்கள். சடங்குப்படி நடந்த விவாகம் பதிவில்லாத ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டமே சொல்கிறது. அந்த வகையில் விவாகமான பிள்ளைக்கு இடமில்லை; தாலி ஏறிய கணமே அந்த மனுவுக்கு உயிர் போய்விட்டது. அதன்மேல் சத்தியப் பிரமாணத்தோடு ஒரு பொய்யையும் ஏற்றி வைத்தால், பின்னால் வேறு வழியில் கிடைக்கக்கூடிய வாய்ப்பும் அடைபட்டுப் போகிறது.

மெய்யான ஆயத்தம் எது என்று என்னைக் கேட்டால், பேச்சை விட்டுவிட்டுக் காகிதங்களின் பக்கம் திரும்புங்கள் என்பேன். தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை பெயர்த் தொல்லை. காமாட்சி என்ற ஒரு பெண்மணியை வைத்துக்கொள்வோம். தகப்பனார் சுப்பையா, ஆகவே பள்ளிச் சான்றிதழில் எஸ். காமாட்சி. கணவர் ராமலிங்கம், ஆகவே ரேஷன் கார்டில் ஆர். காமாட்சி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டுமே என்று காமாட்சி ராமலிங்கம். மகனுடைய பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர் காமாட்சி அம்மாள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுடைய கதியோ இன்னும் விசித்திரம்: அமெரிக்க விசாவில் அவர்களுடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிட, சொந்தப் பெயரின் இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்கு காகிதங்களில் நான்கு பெயராக நிற்கும் அந்த அம்மாளை ஒரே ஆள் என்று காட்டுவதற்கு எந்த நடிப்பும் உதவாது. விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் என்ற இடத்தில் நான்கையும் எழுதி, ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வைத்து, 'முன்னால் இருக்கும் எழுத்து அப்பாவின் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு அது வீட்டுக்காரர் பெயர்' என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

பிறப்புச் சான்றிதழும் அப்படியே. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969இல் வந்தது. அதற்கு முன் கிராமத்து வீடுகளில் பிறந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பதிவேட்டில் சுவடே இல்லை. இருந்தாலும் குழந்தையின் பெயர் எழுதாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். அதற்காக எங்கிருந்தோ ஒரு சான்றிதழை உற்பத்தி செய்து தருவதாகச் சொல்கிறவர்களிடம் போக வேண்டாம். பதிவு இல்லை என்று உரிய அலுவலகம் தரும் சான்றும், பள்ளி இறுதிச் சான்றிதழும், பிறப்பை அறிந்த நெருங்கிய உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரங்களும் அதற்கு ஈடாக ஏற்கப்படுகின்றன. இவற்றைச் சேகரிக்கத் தாலுக்கா அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் பல தடவை நடக்க வேண்டியிருக்கும் என்பது மெய்தான். ஆயத்தத்தின் உண்மையான உழைப்பு அந்த நடையில்தான் இருக்கிறது. ஒத்திகைக்குச் செலவழிக்கும் நாட்களை அதற்குச் செலவழிப்பது மேல்.

இனி, எதிர்த்தரப்பாரின் வாதங்களுள் வலிமை மிக்கதைக் கவனிப்போம். 'அதிகாரி மறுத்துவிட்டால் அப்பீல் கிடையாது, நீதிமன்றமும் தலையிடாது, அப்படிப்பட்ட அதிகாரமுள்ளவரை எப்படியாவது திருப்திப்படுத்துவதுதானே புத்திசாலித்தனம்?' என்கிறார்கள். இதன் முற்பகுதி பெரும்பாலும் உண்மை. வெளிநாட்டில் அமர்ந்திருக்கும் விசா அதிகாரியின் தீர்மானத்தை நீதிமன்றங்கள் மறு பரிசீலனை செய்வதில்லை என்ற கோட்பாடு அமெரிக்காவில் நெடுங்காலமாக நிலவுகிறது. 2024ஆம் ஆண்டு மூனோஸ் வழக்கில், வெளிநாட்டுக் கணவனை உள்ளே அனுமதிக்க வேண்டும் என்று கோரும் அடிப்படை உரிமை பிரஜையான மனைவிக்குக்கூட அரசியல் சாசனத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணவனையும் மனைவியையும் பிரித்து வைக்கும் ஒரு முடிவு எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்ற இந்தக் கோட்பாடு எனக்குச் சிறிதும் ஏற்புடையதன்று. அது மாற வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் அதிலிருந்து இவர்கள் வருவிக்கும் முடிவு தவறானது. அப்பீல் இல்லாத இடத்தில் ஒரு பொய் அகப்பட்டுக்கொண்டால், அதைத் திருத்தவும் இடமில்லை என்பதல்லவா அதிலிருந்து கிடைக்கும் முடிவு?

மேலும், அதிகாரியின் அதிகாரம் கட்டற்றது என்பதும் முழு உண்மையன்று. குற்றமும் நாட்டுப் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட காரணங்கள் நீங்கலாக, மறுப்பு எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 212(பி) பிரிவு விதிக்கிறது. விண்ணப்பதாரரின் முகம் பிடிக்கவில்லை என்பதற்கோ, ஆங்கிலம் தடுமாறியது என்பதற்கோ பிரிவு எண் கிடையாது. நம்மவர்கள் 'ரிஜெக்ட் ஆகிவிட்டது' என்று சொல்லி முகம் வாடித் திரும்புகிறவற்றுள் பல, 221(ஜி) பிரிவின் கீழ், இன்ன காகிதம் குறைகிறது அல்லது மேலும் ஆராய வேண்டியிருக்கிறது என்று நிறுத்தி வைக்கப்பட்டவை. மறுக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்தக் குறையை நீக்கும் சான்றைக் கொடுத்தால், புதிய கட்டணம் இல்லாமலே விண்ணப்பத்தை மறுபடியும் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. கையில் கொடுத்த தாளைப் படிக்காமல் அதை விதியின் தீர்ப்பென்று எண்ணிச் சும்மா இருந்து, அந்த ஓராண்டைக் கைநழுவ விடுகிறவர்களும் உண்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தும் நிர்வாகப் பரிசீலனை என்ற பெயரில் மாதக்கணக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் வேதனையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அந்தத் தாமதத்தையும் எந்த ஒத்திகையும் ஒரு நாள்கூடக் குறைத்துவிடாது.

தெய்வத்திடம் வேண்டிக்கொண்டு புறப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஹைதராபாத்துக்கு அருகே சில்கூர் பாலாஜி சந்நிதியைச் சுற்றி வருபவர்களின் பக்தி அவர்களுடையது. அது எந்தப் பொய்யையும் சொல்லச் சொல்வதில்லை. வயது முதிர்ந்தவர்களுக்கு அந்நிய இடத்தில் ஏற்படும் நடுக்கத்துக்கு ஒரு பழக்கம் வேண்டாமா என்று கேட்பவர்களுடைய அன்பையும் மதிக்கிறேன். அந்த நடுக்கம் நியாயமானது. சகோதரர் வகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 20 ஆண்டுகள் காத்திருந்து அழைப்புப் பெறுகிறார்கள். மனுப்போட்டபோது குடியிருந்த வீடு இன்று இல்லை, அப்போது எழுதிய உத்தியோகம் இன்று இல்லை, எதை எழுதினோம் என்பதே நினைவில் இல்லை. அவர்களுடைய அச்சத்துக்கு மருந்து, யாரோ எழுதிய விடைகளைக் கொடுப்பதன்று. அவர்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்களுக்கே தெரியப்படுத்துவதுதான். தன் கோப்பில் உள்ளதைத் தான் அறிந்த மனிதனுக்குப் பாதி பயம் அப்போதே நீங்கிவிடும்.

ஆகையால் அமெரிக்காவில் இருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தாய் தகப்பனுக்காகப் பணம் கட்டி ஒத்திகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டாம். நீங்கள் கொடுத்த ஐ-130 மனுவின் நகலையும், நிரப்பிய டி.எஸ்.-260 விண்ணப்பத்தின் நகலையும், ஐ-864 பத்திரத்தையும் அவர்களுக்கு அனுப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறீர்கள், அவர்கள் வந்தால் எங்கே தங்கப் போகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். அதில் தவறான தேதியோ, விட்டுப்போன பெயரோ, மறைக்கப்பட்ட பழைய மறுப்போ கண்ணில் பட்டால், நேர்காணலின் தொடக்கத்திலேயே தாமாக முன்வந்து அதைத் திருத்திச் சொல்லும்படி சொல்லிவையுங்கள். அதற்கு அங்கே இடம் உண்டு.